இரண்டாம் ஞாயிறுகளில் சாரதாமணி

யார் புத்தகத்தை நீட்டினாலும் சாரதாமணி அக்கா முதலில் இடது உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொள்வார். துடைக்க அதில் ஒன்றும் இருக்காது. பிறகு பக்கத்தை மடியில் விரித்து, துடைத்த கையை அதன்மேல் தட்டையாகப் பதிப்பார். ஐந்து விரல்களும் ஒட்டியிருக்கும். முதல் வரி மட்டும் வெளியே தெரியும். சந்தேகம் கேட்க வந்த பெண் அந்த வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்துவிட்டு, கைக்கு அடியில் இருக்கும் அடுத்த வரியில் என்ன வரும் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்லலாம், சொல்லாமல் இருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் கை ஒரு வரி கீழே இறங்கும். பன்னிரண்டு வரிக் கவிதை என்றால் பதினொரு முறை. அவசரப்படுகிற பெண்கள் விரலிடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பார்கள். அப்போது விரல்கள் இன்னும் நெருங்கிக்கொள்ளும். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

இதை நான் பார்த்தது நாமக்கல்லைத் தாண்டி இருக்கிற ஓர் உறைவிடப் பள்ளியின் வேப்பந்தோப்பில். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அங்கே பெற்றோர் வரும் நாள். காலை பத்து மணிக்கு கேட்டைத் திறப்பார்கள், ஒரு மணிக்கு மூடுவார்கள். அந்த மூன்று மணி நேரத்துக்காக ஓசூரிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் விடியற்காலையில் பஸ் ஏறி வருவார்கள். கையில் டிபன் கேரியர், முறுக்கு டப்பா, துவைத்த துணி, சுருட்டிக் கட்டிய ஒரு பழைய பிளெக்ஸ் பேனர். மரத்தடியில் அந்த பேனரை விரித்துத்தான் உட்காருவார்கள். கல்யாண பேனர், காதுகுத்து பேனர், கடை திறப்பு பேனர் என்று தோப்பு முழுக்கச் சிரித்த முகங்கள் விரிந்து கிடக்கும், அவற்றின் மேல் குடும்பங்கள் சோறு தின்னும்.

என் தங்கை அறிவுச்செல்வி அங்கே பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அப்பா ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர், வருடத்தில் இரண்டு முறைதான் வீட்டுக்கு வருவார். அம்மாவுக்கு பஸ் ஏறினால் குமட்டும். அதனால் பார்க்கப் போகிற வேலை எனக்கு வந்தது. எங்கள் ஊர் எலச்சிபாளையம் பக்கம். சாரதாமணி அக்காவும் எங்கள் ஊர்தான், இரண்டு தெரு தள்ளி. அவருடைய ஒரே மகள் நர்மதாவும் அதே வருடம், அதே வகுப்பில், அறிவு இருந்த அதே அறையில் சேர்ந்தாள். ஆகவே இரண்டு வருடம், மாதம் ஒரு முறை, ஒரே பஸ்ஸில் போனோம், வந்தோம். அவர் பேசுவார். நான் கேட்டுக்கொண்டு வருவேன்.

அக்கா கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார். காலை ஆறரைக்கு முட்டை பொறுக்கத் தொடங்கி, மதியத்துக்கு மேல் தரம் பிரிக்க உட்காருவார். இரண்டு முட்டைகளை லேசாக ஒன்றோடொன்று தட்டுவார், விரிசல் விட்டது சத்தத்திலேயே தெரிந்துவிடும். கோழிக்கு ஞாயிறு கிடையாது. இரண்டாம் ஞாயிறு லீவு வேண்டும் என்றால் சனிக்கிழமை இன்னொருத்தியின் கூண்டு வரிசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்ப்பார். மறுநாள் பஸ்ஸில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடியே தூங்குவார்.

பண்ணையில் யாருக்கும் தெரியாது, அவர் ஆங்கில இலக்கியம் படித்த பி.ஏ. என்று. நாமக்கல் அரசுக் கல்லூரியில் மூன்று வருடம். பன்னிரண்டு வரை தமிழில் படித்தவர், வேறு பாடத்தில் இடம் கிடைக்காமல் ஆங்கிலத்தில் போய் விழுந்தவர். முதல் வருடம் வகுப்பில் என்ன நடக்கிறதென்றே புரியவில்லையாம்.

"முழுப் பக்கத்தைப் பாத்தா கண்ணக் கட்டும் தம்பி. ஓடிரலாம்னு இருக்கும். ஒரு வரின்னா சமாளிச்சுப் போடலாமில்ல? அதான் கைய வெச்சு மூடிக்கிட்டேன். அந்த ஒரு வரிய முடிச்சுப் போட்டு அடுத்தது. அப்பிடியே மூணு வருசம் ஓடிப்போச்சு."

பி.எட். படிக்க நினைத்திருக்கிறார். கல்யாணம் முடிந்து, நர்மதா வயிற்றில் வந்து, அது அப்படியே நின்றது. அவருடைய கணவர் முருகானந்தம் அண்ணனும் ரிக்கில்தான், சத்தீஸ்கர் பக்கம். ஆடிக்கும் பொங்கலுக்கும் வருவார், காதுக்குள் கல்பொடியோடு வருவார். நல்ல மனிதர். மகளைப் பற்றி அவருக்கு ஒரே ஆசை, அவள் டாக்டர் ஆக வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே விடுதியில் சேர்க்கச் சொன்னார். சாரதாமணி அக்கா தடுத்துவிட்டார். பத்தாம் வகுப்பில் நர்மதா எடுத்த மார்க் அண்ணன் எதிர்பார்த்த அளவு இல்லை. அன்று அவர் போனில் சொன்னதைத் தெருவே கேட்டது, ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"உன்ற செல்லத்துல ஒரு தடவ கெட்டுப்போச்சு. இந்தத் தடவ ஹாஸ்டல்ல சேத்தீரு. பாதியில திரும்பி வந்தாள்னு வையி, அதுக்கும் நீதான் காரணம். அப்புறம் நான் அந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

நர்மதாவுக்குத் திருச்செங்கோட்டில் அரசு பெண்கள் பள்ளியில், கூடப் படித்தவர்களோடு சேர ஆசை. யாரும் அவளைக் கேட்கவில்லை. ஜூன் மாதம் டிரங்குப் பெட்டியோடு விடுதி வாசலில் விட்டுத் திரும்பும்போது அவள் அம்மாவிடம் ஒரே வாக்கியம் சொல்லியிருக்கிறாள்.

"நீயாச்சும் என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லம்மா."

இதை அக்கா முதல் மாதப் பயணத்திலேயே என்னிடம் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு தனக்குத் தானே ஒரு கெடு வைத்துக்கொண்டதையும் சொன்னார். பதினொன்று முடிவதற்குள் மகளைத் தனியாக உட்கார வைத்து, இங்கேயே இருக்கிறாயா, வந்துவிடுகிறாயா என்று கேட்க வேண்டும். வருகிறேன் என்று சொன்னால் கூட்டி வந்துவிட வேண்டும். யார் என்ன சொன்னாலும் சரி.

"அவங்கப்பன் பேச்ச நான் வாங்கிக்கறேன். பழக்கந்தான. அவளக் கேக்காம வுட்ட பேச்சத்தான் என்னால வாங்க முடியில."

கேட்பதற்கு இரண்டாம் ஞாயிறுகள் மட்டும்தான் இருந்தன. மற்ற ஞாயிறுகளில் விடுதியிலிருந்து ஐந்து நிமிடம் போன் பேச விடுவார்கள், வார்டன் பக்கத்திலேயே நிற்பார். "நல்லாருக்கறயா சாமி?" என்றால் "ம்" என்று வரும். "சாப்பிட்டயா?" "ம்." அந்த இரண்டு 'ம்'முக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அக்கா வாரம் முழுக்க முயற்சி செய்வார்.

*

கூட்டம் சேர்ந்தது ஜூலையில். முதலில் கேட்டது என் தங்கைதான். அந்தப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியலுக்குத்தான் நேரம் எல்லாம். ஆங்கிலத்துக்கு வாரத்தில் இரண்டு பீரியட், அதிலும் ஒன்றைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். ஆனால் திங்கட்கிழமைத் தேர்வில் ஆங்கிலமும் உண்டு. மார்க் குறைந்தால் ஏ பிரிவிலிருந்து பி, பியிலிருந்து சி என்று இறக்குவார்கள். செவ்வாய்க்கிழமை பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டுவார்கள். கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து எழுதினால் தப்பிக்கலாம். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் மாட்டிக்கொள்வார்கள்.

அறிவு நோட்டைக் கொண்டுபோனாள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாக மாற்றி எழுதுகிற பயிற்சி, பத்துக் கேள்வி. அக்கா கையைத் துடைத்தார், மூடினார், இறக்கினார். பத்தும் முடிவதற்குள் பக்கத்து பேனரிலிருந்து ஒரு பெண் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். ஆத்தூர்க்காரி, பெயர் சரிதா. பின்னாலேயே அவள் அம்மா சின்னாயியும் வந்தார். அரிசி ஆலையில் வேலை செய்கிற, உரக்கப் பேசுகிற அம்மாள்.

"எம் பொண்ணுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு டீச்சரம்மா. நாட்டுக்கோழிக் கொழம்பு வச்சிருக்கேன், ஃபீஸா வச்சிக்கோ."

"நான் டீச்சரில்லீங்க. முட்டை பொறுக்கறவ."

"அட, கோழி நான் குடுக்கறேன், முட்டை நீ குடு. அப்புறம் என்ன கொறச்சல் நமக்கு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆகஸ்டில் ஏழு பெண்கள் வந்தார்கள். செப்டம்பரில் எண்ணவில்லை, அக்கா உட்கார்ந்திருந்த பேனரில் மணமக்கள் முகம் முழுக்க மறைந்துவிட்டது. "மாப்பிள்ளை மூஞ்சி மேல சாம்பார் ஊத்திறாதீங்க புள்ளைகளா" என்று யாரோ ஒரு அப்பா சொல்லிவிட்டுப் போனார். தின்பண்டம், பழம், பூ என்று அம்மாக்கள் கொண்டுவந்து வைப்பார்கள். அக்கா எதையும் திருப்பித் தர மாட்டார், எல்லாவற்றையும் வந்த பெண்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடுவார்.

நர்மதா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுவாள். உயரமான, ஒல்லியான பெண். "முட்டை வேண்டாம்மா, ஹாஸ்டல்லயும் முட்டைதான் போடறாங்க" என்று கேரியரின் ஓர் அடுக்கை ஓரமாக வைப்பாள். அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து கூட்டத்தைப் பார்ப்பாள். யாராவது நோட்டோடு தயங்கி நின்றால் அவளே கைகாட்டி உட்கார வைப்பாள். கேரியரைக் கழுவப் போவாள், நேரம் கழித்து வருவாள். நடுநடுவே அக்கா கழுத்தைத் திருப்பி அவளைத் தேடுவார். கை மட்டும் பக்கத்தின் மேலேயே இருக்கும்.

அக்டோபரில் நடந்த ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கிணற்றைப் பற்றிய கவிதை. சிறு வயதில் தண்ணீர் குடித்த கிணற்றைப் பற்றி ஒருவன் தூரத்து நகரத்தில் இருந்துகொண்டு பேசுகிறான், ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பது வீட்டுப்பாடத்தில் ஐந்து மார்க் கேள்வி. சரிதா கைடைப் புரட்டினாள்.

"அவனுக்கு நகரத்துல வேலை ஜாஸ்தி, அதனாலன்னு போட்டிருக்குது ஆன்ட்டி."

"கைடு கெடக்கட்டும் அம்மிணி. உனக்கு அப்பிடி ஒரு கெணறு இருந்தா நீ ஏன் போகமாட்டே?"

சரிதா யோசித்தாள். மற்றவர்களும் யோசித்தார்கள். வேப்பம்பூ காலமில்லை, காய்ந்த இலைகள் மட்டும் நோட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தன.

"போனா, அதுல தண்ணி இல்லன்னு தெரிஞ்சிடும் இல்ல ஆன்ட்டி? போகலன்னா இருக்கற மாதிரியே இருக்கும்."

அக்கா கைடை வாங்கி மூடி வைத்தார். பிறகு, "அதையே எழுது. உன்ற இங்கிலீஷ்லயே எழுது. தப்பு வந்தா நான் திருத்தறேன்" என்றார். நான் படிக்கிற கவிதைகளைப் பற்றி யாரும் இவ்வளவு நன்றாகச் சொல்லி அதுவரை கேட்டதில்லை. திரும்பும்போது என் பையிலிருந்த கவிதைத் தொகுப்பை அக்கா வாங்கி, ஒரு பக்கத்தைத் திறந்து, பஸ் ஆட்டத்தில் கையால் மூடிக்கொண்டார். மூன்றாவது வரியிலேயே தூங்கிவிட்டார்.

அந்த ஞாயிறும் மகளைக் கேட்கவில்லை. ஒன்றேகால் மணிக்கு கேட்டுக்கு வெளியே நின்று, "அடுத்த மாசம் கேட்டுப் போடோணும்" என்றார். நவம்பரிலும் அதையே சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது கேட்டிருக்கலாமே என்று தோன்றும். தீபாவளிக்கு மூன்று நாள் விட்டார்கள். பகலெல்லாம் நர்மதா சித்தப்பா வீடு, மாமா வீடு என்று போய்விட்டாள். ராத்திரி பக்கத்தில் படுத்து அக்கா வாயெடுத்தால், "தூக்கம் வருதும்மா" என்று திரும்பிக்கொள்வாள். பொங்கலுக்கு முருகானந்தம் அண்ணன் வந்திருந்தார். அவர் இருக்கும் வீட்டில் கேட்கிற கேள்வியில்லை அது.

"புள்ளைகளுக்குச் சொல்லித் தராம இருந்தா நேரம் கெடைக்குமில்லீங்க்கா?" என்று ஒருமுறை நான் கேட்டேன். நானாக ஒரு வார்த்தை கேட்டதே பெரிது என்பதால் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்பிடித் தம்பி வேண்டாங்கறது? அதுங்கம்மாமாரு ஒரு மாசம் காத்திருந்து வாராங்க. வந்தும் அதுகளுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலீன்னு எம்பக்கம் அனுப்பறாங்க. நான் கைய விரிச்சா அந்தப் புள்ளைக எங்க போகும்?" பிறகு, "நர்மதாளுக்கும் அதுல ஒரு பெருமை இருக்குது. எங்கம்மா, எங்கம்மான்னு அவளேதான் எல்லாத்தையும் கூப்பிட்டு உக்கார வெக்கறா. பாத்திருக்கறயில்ல?" என்றார்.

பார்த்திருந்தேன்.

*

பொங்கல் முடிந்து பெண்களைத் திரும்பக் கொண்டுபோய் விட்டபோது கேட்டில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கும் விடுதியில் தொடரச் சம்மதம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு ஒரு மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களின் கட்டிலை வேறு பிள்ளைக்கு ஒதுக்கிவிடுவார்கள்.

அந்த ஞாயிறு பஸ்ஸில் அக்கா தூங்கவில்லை. படிவத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தார்.

"தம்பி, பேனா வெச்சிருக்கறயா?"

"இருக்குதுங்க்கா."

"நான் அவளக் கேக்கற வரைக்கும் எனக்குக் குடுக்காத. நானே கேட்டாலும் குடுக்காத."

"சரிங்க்கா."

"இன்னிக்கு யாருக்கும் சொல்லித் தாரதில்ல. சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால தண்ணித் தொட்டி இருக்குதில்ல, அங்க போயி உக்காந்துக்கறோம். போன வாரம் போன்லயே அவகிட்டச் சொல்லிப் போட்டேன், நேரா அங்க வந்துரு சாமின்னு. நீயும் அறிவும் அந்த முக்குல உக்காருங்க. யாராச்சும் வந்தா நான் வரலீன்னு சொல்லீரு."

தொட்டிக்குப் பின்னால் நிழல் கிடையாது. சிமெண்டுச் சுவர், கீழே கசிந்து பாசி பிடித்த தரை. அக்கா பேனரை ஒரு மடிப்பு மட்டும் விரித்தார், இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு. நர்மதா வந்தாள். அம்மா ஊட்டிவிட, இரண்டு வாய் தக்காளிச் சோறு வாங்கிக்கொண்டாள். நானும் அறிவும் சுவர் மூலையில் இருந்தோம். எட்டடி தூரம். காதில் விழக் கூடாது என்று நினைத்தாலும் விழும்.

"நர்மதா."

"ம்."

"ஒண்ணு கேக்கோணும் சாமி. அம்மாளுக்காகன்னு சொல்லாம, அப்பனுக்காகன்னு சொல்லாம, நெசத்தச் சொல்லோணும்."

"அம்மா, அங்க பாரு. சரிதா வந்திருக்கறா."

சுவரைச் சுற்றிக்கொண்டு சரிதா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பேர், நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு. அக்கா வரவில்லை என்று சொல்வதற்காக நான் எழுந்து நின்றேன். அக்கா அவர்கள் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார். நான் அப்படியே நின்றேன்.

"ஆன்ட்டி, தோப்பு பூரா தேடினோம்," என்றாள் சரிதா. கண்கள் சிவந்திருந்தன. "நாளைக்கு டெஸ்ட் ஆன்ட்டி. போன வாரம் பி-க்கு வந்துட்டேன். இந்த வாரமும் போச்சுன்னா சி. சி செக்ஷன்ல விட்டாங்கன்னா எங்கம்மா..." நோட்டை நீட்டினாள்.

அக்கா மகளைப் பார்த்தார். கையில் சோற்று உருண்டை இருந்தது.

நர்மதா சிரித்தாள். "சொல்லிக் குடும்மா, பாவம். நான் எங்கயும் போயிர மாட்டேன். இங்கதான இருக்கறேன்."

"ஒரு பத்து நிமிசம் பொறுத்துக்கங்க புள்ளைகளா, நான் இவகிட்ட..."

"அப்புறம் பேசிக்கலாம்மா. அவங்களுக்கு டெஸ்ட் இருக்குது." எழுந்து தள்ளிப்போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அக்கா உருண்டையைக் கேரியரில் வைத்தார். கையைக் கழுவினார். பிறகு முந்தானையில் துடைத்தார். பேனரின் மற்ற மடிப்புகளைப் பெண்களே விரித்துக்கொண்டார்கள். வெயிலில் உட்கார்ந்து, வினைச்சொற்களைக் காலத்துக்கு ஏற்ப மாற்றி எழுதுகிற பயிற்சி ஒன்று, பாடத்திலிருந்து மூன்று கேள்வி, கடிதம் எழுதுவது ஒன்று. ஒருத்தி முடித்து எழும்போது இன்னொருத்தி மூலை திரும்பி வருவாள். சின்னாயியும் வந்து, "இங்கியா ஒளிஞ்சிருக்கே, தோப்புல உன்னயக் காணோமேன்னு மரத்துக்கெல்லாம் ஏக்கம்" என்று சொல்லிவிட்டு, ஒரு குடையைப் பிடித்து அக்காவின் தலைக்கு மேல் நிழல் கொடுத்தபடி நின்றார். அக்கா அன்று இரண்டு முறை ஒரே வரியில் கையை நகர்த்த மறந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு முதல் பெல் அடித்தது. பெண்கள் நோட்டை மூடினார்கள்.

அலுவலகம் வரைக்கும் இருநூறு அடி இருக்கும். அக்காவும் நர்மதாவும் முன்னால் நடந்தார்கள், நானும் அறிவும் பின்னால். தோப்பில் பேனர்களை உதறிச் சுருட்டும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா நடந்துகொண்டே கேட்டார். எட்டு மாதமாக நினைத்து வைத்திருந்த கேள்வி, மூச்சு வாங்கக் கேட்டார்.

"அடுத்த வருசமும் இங்கயே இருக்கறயா சாமி, இல்ல ஊட்டுக்கு வந்துர்றயா? சொல்லு. எதுன்னாலும் எனக்குச் சம்மதந்தான்."

நர்மதா நடையை நிறுத்தவில்லை.

"எல்லாப் புள்ளைகளும் என்னயக் கேட்டுக்கிட்டே இருக்கறாங்கம்மா. அடுத்த வருசமும் உங்கம்மா வருமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"வரும்னு சொல்லிட்டேன்."

அக்கா நின்றார். அவளும் நின்றாள். அக்கா அவள் கன்னத்தில் கை வைத்து, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். நான் பேனாவைக் கொடுத்தேன். அலுவலகச் சுவரில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில், முழுப் பெயர், எழுத்து சாயாமல்.

அன்று திரும்பும் பஸ்ஸில் அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. "மனசு லேசாப் போச்சு தம்பி. கேட்டுப் போட்டேன்" என்றார். அப்புறம் வழியெல்லாம் ஆட்கள் ஏறி இறங்கி, நாங்கள் இறங்கும் வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

*

அடுத்த வருடமும் அப்படியேதான் போனது. ஜூன் முதல் ஜனவரி வரை இரண்டாம் ஞாயிறுகள், வேப்பமரம், பேனர், கை. சரிதா ஏ பிரிவுக்குத் திரும்பினாள், அங்கேயே இருந்தாள். பொதுத்தேர்வில் அக்காவைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் எல்லாருமே ஆங்கிலத்தில் தொண்ணூறுக்கு மேல். சின்னாயி ஆத்தூரிலிருந்து போன் செய்து அக்காவிடம் பேச முடியாமல் அழுதிருக்கிறார். அக்கா பண்ணையில், முட்டை அட்டைகளுக்கு நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

நர்மதாவுக்கு மருத்துவத்துக்கு மார்க் வரவில்லை. முருகானந்தம் அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள், "செரி, அவ மேல தப்பில்ல. முடிஞ்சத படிச்சிருக்கறா" என்று சொல்லிவிட்டார். அக்காவை ஒன்றும் சொல்லவில்லை. நர்மதா இப்போது வீட்டிலிருந்தே ஈரோட்டில் ஒரு கல்லூரிக்குப் போய் வருகிறாள். பி.எஸ்சி. கணிதம். ஆறு மணி பஸ்ஸுக்கு அம்மாவும் மகளும் சேர்ந்து நிற்பார்கள். அம்மா பண்ணை வேனில் ஏறிப் போன பிறகும் பஸ் வரும் வரை அவள் அந்த வேன் போன பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டில் கொஞ்சம் பேசுகிறாளாம். இரண்டு மூன்று பெண்கள் இன்னும் அக்காவுக்குக் கேள்விகளைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். தரம் பிரித்து முடித்த பிறகு, போனின் திரையைக் கையால் மூடிக்கொண்டு பதில் சொல்கிறார்.

சென்ற மாதம் பஸ் நிறுத்தத்தில் அக்கா என்னிடம், "எப்பிடியோ தம்பி, அந்த இஸ்கூல்ல எம்புள்ள சந்தோசமாத்தான் இருந்தா. இல்லீன்னா அத்தன புள்ளைகள எங்கிட்டக் கூட்டியாந்து வுட்டிருப்பாளா?" என்றார். நான் ஆமாங்க என்றேன். அப்போது எனக்கும் வேறொன்றும் தெரியாது.

போன வாரம் அறிவுச்செல்வி விடுதிப் பெட்டியைக் காலி செய்தாள். பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வைத்ததில் ஒரு ரஃப் நோட்டு இருந்தது. அவளும் நர்மதாவும் பங்கு போட்டு எழுதியது. அதன் கடைசிப் பக்கங்களில் நர்மதாவின் கையெழுத்தில் ஒவ்வொரு இரண்டாம் ஞாயிறின் தேதி, கீழே பெயர்கள், பெயருக்கு நேரே மணி. பத்தேகால், பத்தரை, பத்தே முக்கால் என்று ஒரு மணி வரை. இடைவெளி எங்கும் இல்லை.

இது என்ன என்று கேட்டேன். அறிவு சொன்னாள்.

"அவதான் சனிக்கிழம ரூம் ரூமாப் போயி எழுதுவா. இங்கிலீஷ்ல யாருக்கு என்ன சந்தேகம்னு. சந்தேகம் இல்லாதவளுக்கும் ஒண்ணு குடுத்து அனுப்புவா. அவங்கம்மா தனியாக் கெடைச்சா ஊட்டுக்கு வந்துர்றயான்னு கேட்டுருமாம், கேட்டா இவ அழுதுருவாளாம். அழுதா அன்னிக்கே ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும், அப்புறம் அவங்கப்பா அவங்கம்மாவ உண்டு இல்லன்னு ஆக்கிப் போடும்னு சொல்லுவா. முதல் வருசம் முழுக்கத் தெனமும் பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து வுட்டுட்டு அழுவாண்ணா."

நான் பிப்ரவரிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஞாயிறுக்கு மட்டும் பட்டியலின் மேலே, சிவப்பு மையில், தோப்பு என்பதை அடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி என்று எழுதியிருந்தது. முதல் பெயர் சரிதா. மணி பத்து நாற்பது.